கேபின் மூன்றில் ஒரு போலித் தம்பதி

என்னை ஒரு கோடீஸ்வரரின் மனைவியாக நியமித்தபோது என் கையில் ஸ்டேப்பிள் கன், வாயில் நாலைந்து குண்டூசி. எல்லாவற்றையும் துப்பிவிட்டுத்தான் "எஸ் மேடம்" சொல்ல முடிந்தது.

நியமித்தவர் எங்கள் கப்பல் கட்டும் யார்டின் மேனேஜர். நெடுநெடுவென்று வளர்ந்த ஐரோப்பாக்காரி. அவர் சொல்வது வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தால் அது உத்தரவாக இருக்கும். உத்தரவு என்று நினைத்து ஓடினால் பின்னால் நின்று சிரிப்பார். அன்று காலை எங்கள் குஷன் செக்‌ஷனுக்குள் வந்து என் மேஜைமேல் ஒரு சின்ன அட்டையை வைத்தார்.

'கேபின் மூன்று. மனைவி. வைர வியாபாரக் குடும்பம். எதிலும் திருப்தி இல்லாதவர். கணவரோடு எந்நேரமும் சண்டை.'

"சண்டை போட வருமா உனக்கு?" என்று கேட்டார்.

"யாரோடு என்பதைப் பொறுத்தது, மேடம்."

அவர் வாசலைக் காட்டினார். அங்கே தலைமுடியெல்லாம் மரத்தூளோடு தச்சு செக்‌ஷன் கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தார். என்னோடு மாதக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். அவர் கையிலும் ஓர் அட்டை. தன்னுடைய இரங்கல் செய்தியைத் தானே வாசிப்பவர் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன இதழில் என் தொடரைப் படித்துவிட்டுக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு வாசகி என்னிடம் பேசினார். "எல்லாத்தையும் எழுதுதீய, உங்க வீட்டுக்காரர எங்கன புடிச்சீயன்னு மட்டும் எழுத மாட்டேங்கியளே" என்றார். இங்கேதான் பிடித்தேன் தாயே. வளைகுடா நாடு ஒன்றில், கடலோரத்தில், ஒரு கப்பல் பட்டறையின் குஷன் செக்‌ஷன் வாசலில்.

தெப்பம் பார்த்த கண்

சங்கரன்கோவிலில் பிறந்தவளுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் கிடையாது. எங்கள் ஊரில் ஆவுடைப் பொய்கையில் வருஷத்துக்கு ஒருமுறை தெப்பம் ஓடும். அதை விட்டால், நல்ல மழைக்குப் பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். எங்களுக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான்.

அம்மா தையல் கடை வைத்திருந்தாள். அப்பா கணக்கு வாத்தியார். நான் அம்மாவின் மிஷினில் பழகி, திருநெல்வேலியில் ஆம்னி பஸ்களுக்கு சீட் தைக்கும் பட்டறையில் சேர்ந்து, அங்கிருந்து பெங்களூரில் ஒரு சோபா கம்பெனிக்குப் போய், அங்கிருந்து வளைகுடாவுக்குப் போனேன். இண்டர்வியூவில், "தண்ணீர் படும் இடத்துக்கு இருக்கை தைத்த அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். "உண்டு. ஒழுகாத ஆம்னி பஸ்ஸை நான் பார்த்ததே இல்லை" என்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

அந்த யார்டில் பணக்காரர்களின் உல்லாசக் கப்பல்களைக் கட்டுவோம். உலகத்தில் நல்ல வீடு போதாமல் மிதக்கிற வீடும் வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் எங்கள் வாடிக்கைக்காரர்கள். சிலருக்குப் புதிதாகக் கட்டுவோம். சிலருடைய பழைய கப்பலை எலும்புவரை உரித்து மறுபடி உடுத்திவிடுவோம். சில சமயம் ஒரு கப்பலின் ஜாதகத்தையே மாற்றி எழுதுவோம்.

நான் சொல்கிற கப்பல் அந்த மூன்றாவது ரகம். அது பல காலம் கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்குக் குழாயும் டீசல் டிரம்மும் சுமந்தது. யார்டுக்கு வந்தபோது அதன்மேல் ஏறினால் செருப்பு ஒட்டிக்கொள்ளும். அதை யாரோ ஒரு பெரிய மனிதர் வாங்கி, மாளிகையாக மாற்றச் சொல்லியிருந்தார். டிரம் அடுக்கிய இடத்தில் பெரிய ஹால். குழாய் கிடந்த இடத்தில் நீச்சல் குளம். கிரீஸ் வாளி தொங்கிய கொக்கி இருந்த இடத்தில் கண்ணாடிச் சரவிளக்கு.

அந்த ஹாலின் நடுவே அரைவட்டத்தில் ஒரு சோபா. எங்கள் சண்டை தொடங்கியது அதில்தான்.

ஒரு விரல்கடை இடைவெளி

சோபாவின் மரச்சட்டம் கோமதிநாயகத்தின் வேலை. அதன்மேல் குஷன் என் வேலை. இருவரும் ஒரே வரைபடத்தைப் பார்த்துத்தான் செய்தோம். பொருத்திப் பார்த்தால், ஓர் ஓரத்தில் விரல்கடை அளவுக்கு இடைவெளி.

"உங்க துணி சுருங்கிட்டு" என்றார் அவர்.

"உங்க மரம் உப்பிட்டு" என்றேன் நான்.

மேனேஜர் வந்து பார்த்தார். இருவரையும் திரும்பச் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் பெரிய அவமானம். ஒருவர்மேல் தப்பு என்றால் இன்னொருவராவது நிம்மதியாக இருந்திருப்பார். அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஏதாவது அளவு வேண்டுமென்றால் காதர் அண்ணாச்சி வழியாகத்தான்.

காதர் அண்ணாச்சி கடையநல்லூர்க்காரர். பெயிண்ட் செக்‌ஷன். எங்களைவிட மூத்தவர், எங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்தவர். எங்கள் இருவருக்கும் நடுவில் அளவு சுமந்து சுமந்து அலுத்துப்போய் ஒருநாள் கத்திவிட்டார்.

"ஏ, உங்க ஊருக்கும் அவன் ஊருக்கும் நடுவுல டவுன் பஸ் ஓடுது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பேச்சு ஓட மாட்டேங்குதே. நான் என்ன வேலக்கி வந்தேன், பெயிண்ட் அடிக்கவா, பொண்ணு வீட்டுக்கும் மாப்ள வீட்டுக்கும் நடக்கவா?"

கோமதிநாயகம் திருவேங்கடத்துக்காரர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கரிசல் காடு, மானாவாரி விவசாயம், வானத்தைப் பார்த்தே கழுத்து சுளுக்கிய குடும்பம். எங்கள் ஊர் கோமதி அம்மன் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்தான் காரியத்தைக் கெடுத்தது. அல்லது நடத்தியது.

சகோதரிகள் தம்பதியான கதை

கப்பல் முடிந்து சொந்தக்காரர் கைக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் அதைக் கடலுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு 'சீ டிரயல்' என்று பெயர். எங்கள் யார்டில் அன்று போலி விருந்தாளிகளையும் ஏற்றுவது வழக்கம். ஆள் நிறைந்தால் கப்பல் எப்படி நிற்கிறது, ஏசி தாங்குகிறதா, எல்லாக் கழிப்பறையும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பணிப்பெண்களுக்கும் சமையல்காரர்களுக்கும் பணக்காரர்களின் தொந்தரவு பழக வேண்டும்.

அதற்கு நிஜப் பணக்காரர்களைக் கூப்பிட முடியாது. எங்களைத்தான் உடுத்தி உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. ஒருவர் எதைச் சாப்பிட்டாலும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர். ஒருவர் காது கேளாதவர். காதர் அண்ணாச்சிக்கு, 'பேசவே மாட்டார், எல்லோரும் அவருக்குப் பயப்படுவார்கள்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பேசாமல் இருக்க வேண்டும் என்றதும் அவருக்கு ஜுரம் வந்த மாதிரி ஆகிவிட்டது.

கேபின் மூன்றுக்கு முதலில் எழுதியிருந்தது 'இரண்டு சகோதரிகள்'. என் பெயர் எஸ்தர், அது பெண்; கோமதி என்றாலும் பெண்தானே என்று ஆபீசில் யாரோ ஓர் இந்தியர் அடித்துச் சொல்லியிருக்கிறார். கோமதியைக் கூப்பிட்டு அனுப்பினால் மீசையோடு ஓர் ஆள் வருகிறார். மேனேஜருக்கு அட்டைகளை மறுபடி அடுக்கப் பொறுமை இல்லை. 'சகோதரிகள்' என்பதை அடித்துவிட்டு, 'கணவன் மனைவி' என்று எழுதிவிட்டார். 'எந்நேரமும் சண்டை' என்பதைக் காதர் அண்ணாச்சியிடம் விசாரித்துவிட்டுச் சேர்த்தாராம்.

திரைச்சீலை மாலை

கடலுக்குப் போன காலை கோமதிநாயகம் வாடகைக் கோட் சூட்டில் வந்தார். மரத்தூள் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. நன்றாக இருந்தார். அதைக் கவனித்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

நான் பட்டுச்சேலை கட்டியிருந்தேன். கழுத்து மொட்டையாக இருக்கிறது என்று மேனேஜர் சொன்னார். திரைச்சீலையைச் சேர்த்துக் கட்டுவதற்கென்று நாங்களே முத்துக் கோத்துச் செய்த கயிறு ஒன்று மிச்சம் கிடந்தது. அதை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். பெரிய இடத்துப் பெண்ணாகிவிட்டேன்.

கரை மறைந்ததும் மதியச் சாப்பாடு. நாங்கள் அந்த அரைவட்ட சோபாவில் அமர்த்தப்பட்டோம். தலைமைப் பணிப்பெண், பிலிப்பைன்ஸ்காரி, மிகுந்த பணிவோடு வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

சண்டை போட வேண்டும் என்பது உத்தரவு. எதைப் பற்றி என்று அட்டையில் இல்லை. நான் சோபாவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

"இப்ப இடைவெளி இல்ல" என்றேன். பல மாதத்துக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"நான் மறுபடி செஞ்சேன்லா."

"அப்ப மொதல்ல நீரு செஞ்சதுதான் தப்பு."

எனக்குக் கோபம் ஏறினால் 'நீங்க' போய் 'நீரு' வந்துவிடும்.

"என்னது? நீ தச்ச குஷன் எலி கடிச்ச தோச மாரி இருந்துச்சு. அதுக்கு நான் என்ன செய்வேன்?"

"நீரு அடிச்ச சட்டத்துக்குள்ள ஒரு எரும போயிட்டு வரலாம் வே!"

"ஏட்டி, சத்தம் போடாத. பெரிய மனுசங்க இருக்காங்க."

"யாரப் பாத்து ஏட்டிங்கீரு?"

பணிப்பெண் பயந்துபோய் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தட்டு பழத்தை வைத்தார். அடுத்து ஒரு தட்டு கேக். அடுத்து இசை. எங்கள் சண்டையைத் தணிக்கப் புதிய பணிப்பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து தோற்றுப் போனார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த காதர் அண்ணாச்சி வாய் திறக்க முடியாமல் நாப்கினைக் கடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் தூரத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இவ்வளவு தத்ரூபமான நடிப்பை அவர் எதிர்பார்க்கவில்லையாம்.

கரிசல்காட்டுக்காரர் கடலில்

சாப்பாடு முடியும் முன் கேப்டன் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். முழு வேகத்தில் போய்ச் சட்டென்று திருப்பிப் பார்க்கப் போகிறார்களாம். எல்லோரும் உட்கார்ந்து எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமாம்.

கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. சரவிளக்கு கலகலவென்றது. பழத்தட்டு எழுந்து தானாகக் காதர் அண்ணாச்சி மடிக்குப் போனது. ஜன்னலில் வானம் இருந்த இடத்தில் கடல் வந்தது. பிறகு மறுபக்கம். பிறகு மறுபடியும்.

எனக்கு ஆம்னி பஸ் பழக்கம். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், கோமதிநாயகத்தின் முகம் அரைக்கீரை நிறத்தில் இருந்தது.

"எஸ்தர்" என்றார். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "எனக்கு ஒரு மாரியா வருது."

எட்டிய தூரத்தில் இருந்தது வெள்ளி ஐஸ் வாளி. எடுத்துக் கொடுத்தேன். அதன்பிறகு நடந்ததைப் பத்திரிகையில் எழுதக் கூடாது. வாடகை டை வாளிக்குள் போகாமல் பிடித்துக்கொண்டேன் என்பது மட்டும் போதும். பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. எருமை, எலி, தோசை என்று அவ்வளவு வீரம் பேசிய மனிதர் வாளிக்குள் தலையை விட்டு, "சிரிக்காதீய, சிரிக்காதீய" என்று கெஞ்சினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

(இந்த அத்தியாயத்தை எழுத அவர் சம்மதித்துவிட்டார். வாளி மட்டும் வேண்டாம் என்றார். பார்க்கலாம் என்றிருக்கிறேன்.)

கப்பல் நிதானத்துக்கு வந்ததும் அவர் சோபாவில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். டை இன்னும் என் கையில்தான் இருந்தது.

"குஷன் நல்லாத்தான் இருக்கு" என்றார், கண்ணைத் திறக்காமல்.

கொஞ்ச நேரம் கழித்து, "சட்டமும் ஆடல" என்றேன்.

அந்த நேரத்தில்தான் காதர் அண்ணாச்சி ஒரு போட்டோ எடுத்தார்.

டிரயல் என்ற வார்த்தை

யார்டில் போட்டோ எடுப்பது பெருங்குற்றம். நுழையும்போதே போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். கப்பல் யாருடையது என்பது வெளியே தெரியக் கூடாது. மேனேஜர் கண்ணில் பட்டால் அன்றைக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள். காதர் அண்ணாச்சி நாள் முழுக்கப் பேசாமல் இருந்த கொடுமைக்கு ஈடாக ஸ்டிக்கரை உரித்துவிட்டார். கரை வந்து சிக்னல் கிடைத்ததும் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். கீழே, 'மிஸ்டர் அண்ட் மிஸஸ். கடலில் தேனிலவு' என்று எழுதியிருந்தார்.

படத்தில் வாளி இல்லை. வாந்தி எடுத்துத் துவண்ட மனிதர், கோட் சூட்டில், காதலில் சொக்கிப்போன சீமான் மாதிரித் தெரிந்தார். பக்கத்தில் நான் முத்து மாலையோடு, அவர் டையைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மேலே சரவிளக்கு.

நாங்கள் உடை மாற்றி முடிப்பதற்குள் படம் கடையநல்லூர் போய், அங்கிருந்து சங்கரன்கோவில் ஜவுளிக்கடை ஒன்றுக்கு வந்து, எங்கள் கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டது.

அப்பா போன் செய்தார். குரல் பரீட்சை ஹாலில் பேசுவது மாதிரி இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஆமா இல்லன்னு சொல்லு. கல்யாணம் முடிச்சிட்டியா?"

"ஐயோ, இல்லப்பா. அது சும்மா டிரயல்ப்பா."

வாயிலிருந்து போன பிறகுதான் அந்த வார்த்தையின் லட்சணம் எனக்கே உறைத்தது.

"டிரயலா?" என்றார் அப்பா மெதுவாக. "கல்யாணத்துக்கு டிரயல் பாக்குத காலம் வந்துட்டா?"

எவ்வளவு விளக்கினாலும் ஏறவில்லை. நிரூபிக்க வேறு படம் அனுப்பவும் வழியில்லை. காதர் அண்ணாச்சி ஸ்டேட்டஸை அழித்துவிட்டு ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் எனக்காகத் தனியாக துவா செய்தார். ஊரில் சபைப் பெண்கள் அம்மாவைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். ஒருவர், "உங்க மருமவன் கப்பல்ல எம் மவனுக்கு ஒரு வேல" என்று கேட்டே விட்டார்.

வினை வேறிடத்தில் இருந்தது. பாளையங்கோட்டையில் அரசாங்க வேலையில் இருந்த ஒரு மாப்பிள்ளையை வீட்டில் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்கள். நான் விடுமுறைக்குப் போனால் நிச்சயதார்த்தம். அவர்களுக்கும் படம் போய்விட்டது. நல்ல மனிதர்கள், உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. "பொண்ணு அடக்கமான பொண்ணு, அப்படிச் செய்யாதுன்னு எங்க பையன் சொல்லுதான். ஆனாலும் எங்களுக்கு ஒரு விளக்கம் வேணும்லா?" என்று கேட்டிருந்தார்கள்.

விளக்கம் சொல்லப் போனவர்

விஷயம் தெரிந்ததும் கோமதிநாயகம் என் மேஜைக்கு வந்தார். அவருக்கு அந்த வாரம்தான் ஊருக்குப் போக விடுமுறை.

"நான் உங்க வீட்டுக்குப் போயி உங்கப்பாட்ட நேர்ல சொல்லிட்டு வாரேன். என்னால உங்க கல்யாணம் நிக்கக் கூடாது."

"உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"திருவேங்கடத்துக்குப் போற வழிதான. இறங்கிச் சொல்லிட்டுப் போறேன்."

தலையாட்டினேன். அவர் போன பிறகு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. அவர் விளக்கமாகச் சொல்லிவிடுவாரோ, அப்பா நம்பிவிடுவாரோ என்றுதான் பயமாக இருந்தது. பயம் புரிந்ததும், பயத்தைவிடப் பெரிய திகைப்பு வந்தது. எலி கடித்த தோசை என்று சொன்ன மனிதரைப் போய்!

அவர் எங்கள் தெருவுக்குள் நுழையும்போது எனக்கு போன் செய்தார். எங்களுக்குச் சாப்பாட்டு நேரம்.

"நான் போனைச் சட்டப்பையில போட்டுக்கிடுதேன். கேட்டுக்கிட்டே இருங்க. ஏதும் தப்பாச் சொல்லிட்டேன்னா பெறகு என்னை ஏசக் கூடாது."

ஸ்பீக்கரைப் போட்டேன். குஷன் செக்‌ஷன் முழுவதும் தட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது. தமிழ் தெரியாத நேபாளிப் பெண்கூட வந்து உட்கார்ந்தாள். காதர் அண்ணாச்சி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு முன்வரிசையில் அமர்ந்தார்.

முதலில் தெருச் சத்தம். பிறகு எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குரல்: "கப்பல்கார மாப்ளைனாங்க... கார்ல வரலியா தம்பி?"

"டவுன் பஸ்ல வந்தேன் அண்ணாச்சி."

தெருவின் ஏமாற்றம் போன் வழியாகவே கேட்டது.

அப்பா அவரை உட்காரச் சொன்னார். கோமதிநாயகம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். கப்பல், போலி விருந்தாளிகள், அட்டைகள், தன் பெயரால் வந்த குழப்பம். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்பா கணக்கு வாத்தியார். படிப்படியாகச் சொன்னால் ஏற்றுக்கொள்பவர்.

"அப்ப எடைக்கும் சேவைக்கும் ஆள் வச்சுப் பாத்திருக்காங்க. அவ்வளவுதான?" என்றார்.

"அவ்வளவுதான் சார்."

"அப்பாடா. பாளையங்கோட்டைக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிருதேன்."

இங்கே காதர் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

அப்போது அம்மாவின் குரல். அதுவரை அவள் அங்கே இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

"இருங்க. தம்பி, எம் மவ அங்கன எப்படி இருக்கா?"



"உள்ளதச் சொல்லவாம்மா?"

"உள்ளதத்தான் கேக்கேன்."

"சண்டைக்காரிம்மா. ஒரு விரக்கட எடவெளிக்காவ மாசக்கணக்கா என்ட்ட பேசல. நான் தோத்துட்டேன்னு சொல்லுத வரைக்கும் விட மாட்டா. ஆனா கடல்ல எனக்குத் தல சுத்தி வாந்தி வந்தப்ப, டையப் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தா. சிரிச்சா. விழுந்து விழுந்து சிரிச்சா. ஆனா எந்திரிச்சுப் போவல."

அம்மா சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம்.

"கேட்டியளா?" என்று அப்பாவிடம் சொன்னாள். "பாளையங்கோட்டப் பையன் போன்ல ரெண்டு வார்த்த பேசிட்டு அடக்கமான பொண்ணுங்கான். அது யாருன்னு எனக்குத் தெரியல. இந்தத் தம்பி சொல்லுதாரு பாருங்க, அவதான் நம்ம மவ."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. போன் போடாண்டாம். கொஞ்சம் இருங்க." பிறகு குரல் திடீரென்று பக்கத்தில் வந்தது. "தம்பி, சட்டப்பையில லைட் எரியுதே. யாரு அங்க?"

கோமதிநாயகம் சட்டைப்பையைக் கையால் பொத்துவது கரகரவென்று கேட்டது.

"ஏட்டி எஸ்தர். கேட்டுக்கிட்டுத்தான இருக்க?"

செக்‌ஷனில் யாரும் மெல்லவில்லை. நேபாளிப் பெண் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்" என்றேன்.

"ஒனக்கு என்ன வேணும்? அதச் சொல்லு மொதல்ல."

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவுகளுக்கு ஒரு டீ போட்டுக் குடும்மா. பஸ்ல வந்திருக்காக."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கட்டினவரையோ கட்டப்போகிறவரையோதான் 'அவுக' என்பாள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அவுகளா?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "டீயெல்லாம் அவுக அப்பவே குடிச்சாச்சு" என்றாள்.

காதர் அண்ணாச்சி பெயிண்ட் வாளியிலிருந்து எழுந்து, யாரையும் பார்க்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

நாற்காலி

இதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது என்று எழுதினால் அது பொய். அம்மா எங்கள் கட்சி. அப்பா பேசவில்லை. பாளையங்கோட்டைக்காரர்களிடம் தானே நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் மௌனம் ஆனார். நாங்கள் போவது வேதக் கோயில், அவர்கள் போவது அம்மன் கோவில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசையில் உட்காரும் மனிதர் பின்வரிசைக்குப் போனார். போனில் என் குரல் கேட்டால் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். பல மாதம் அப்படித்தான். நான் சிரித்துக்கொண்டு எழுதினாலும், அந்த மாதங்களில் இரவில் குப்புறப் படுத்து அழுதிருக்கிறேன்.

திருவேங்கடத்தில் என் மாமனார் ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தப் பிள்ள கும்புடுத சாமி பருத்திக்கு மழ குடுக்குமாலே?" குடுக்கும் என்று இவர் சொல்லியிருக்கிறார். "அப்ப நமக்கென்ன" என்றாராம்.

சங்கரன்கோவிலில் பதிவுத் திருமணம். பிறகு ஒரு சின்ன ஹாலில் சாப்பாடு. காதர் அண்ணாச்சி விடுமுறை போட்டு வந்து, மூத்த அண்ணன் ஸ்தானத்தில் நின்று, எல்லோரிடமும் இந்தக் கல்யாணமே தன் போட்டோவால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் பரிமாறினார். அப்பா வர மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

பந்தி பாதியில் வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேண்ட், பரீட்சைக்கு வந்த அதிகாரியின் முகம். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். கோமதிநாயகம் பதறி எழுந்து கைகட்டி நின்றார். நான் இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா ஓரமாகக் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்து வந்து கோமதிநாயகத்தின் அருகே போட்டார். வாடகை பிளாஸ்டிக் நாற்காலி. தச்சுக்காரப் புத்தி எங்கே போகும்? அந்த நிலைமையிலும் இவர் குனிந்து அதன் காலை ஆட்டிப் பார்த்தார்.

அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத என்னத்துக்கு ஆட்டிப் பாக்கீரு?" என்றார். "ஒடைஞ்சா வாடகைக்காரன் பாடு. உக்காரும் மாப்ள."